தப்பா வந்தவக கவனத்துக்கு

கல்லல்
8 ஜூன் 2025

அன்பு மருமக சத்தியப்பிரியாவுக்கு மாமன் சேவுகப்பெருமாள் எழுதிக்கிறது. இங்கே நானும் உன் அத்தை வீரலட்சுமியும் நல்லா இருக்கோம். முட்டி வலி மட்டும் என்னை விட்டுப் போக மனசில்லாம கூடவே இருக்கு. கோயம்புத்தூர்த் தண்ணி உனக்கு ஒத்துக்கிச்சா? இமெயில்ல போனாலும் கடுதாசி கடுதாசிதான். நலம் விசாரிக்காம நான் விசயத்துக்குப் போறதில்ல.

விசயம் என்னன்னா, நம்ம சமையல் வலைப்பூவோட முகவரியை நானே மாத்திட்டேன். உன்னை மாதிரி கம்ப்யூட்டர் படிச்சவுக ஆறு மாசம் மீட்டிங் போட்டுச் செய்யிற வேலை. நான் வாடகைப் பாத்திரக் கடையில, கவுத்துப் போட்ட அண்டா மேல உக்காந்துக்கிட்டு, ஒரு கையில டீ கிளாஸோட, ஒரே தட்டுல முடிச்சேன். ‘ஆலங்காட்டார் பந்தி’ இனிமே ‘சேவுகன் பந்தி’.

ஏன்னு கேப்ப. போன செவ்வாய்க்கிழமை எங்க அண்ணன், உன் பெரிய மாமா மலையாண்டி, பங்காளிகளைக் கூட்டிக்கிட்டுக் கடைக்கு வந்தாக. ஆலங்காட்டார்ங்கிறது வகையறாவுக்கே பொதுப் பேரு, தலைகுனிஞ்ச வீட்டுக்காரன் அந்தப் பேர்ல எழுதக் கூடாதுன்னாக. அந்தப் பேரை எடுத்துட்டா உன்னை ஒரு நாயும் படிக்காதுன்னு அண்ணன் சிரிச்சாக. அவுக கண்ணு முன்னாலயே போனை எடுத்து மாத்திட்டேன். டீயையும் குடிச்சு முடிச்சேன். ஐஸ்லாந்துல இருந்து ஆளுக படிக்கிற வலைப்பூ. அங்க யாருக்கு ஆலங்காட்டாரைத் தெரியும்?

இப்ப ஒரு சின்ன இடைஞ்சல். பழைய லிங்க்கைத் தொட்டா ‘பக்கம் இல்லை’ன்னு வருது. வாட்ஸ்அப்ல நான் அனுப்பி வெச்சது ஒண்ணும் தொறக்கல. அதைவிடப் பெருசு ஒண்ணு இருக்கு. அண்ணன் பேரன் காதுகுத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் எவர்சில்வர் தட்டு குடுத்தேன்ல? எல்லாரும் தட்டுல பேரு வெட்டுவாக, நான் வலைப்பூ முகவரியை வெட்டினேன். கல்லல்ல இருந்து கொத்தமங்கலம் வரைக்கும் வீட்டுக்கு வீடு அந்தத் தட்டுலதான் சாப்பிடுறாக. வாட்ஸ்அப்னா அழிச்சுரலாம். எவர்சில்வரை என்ன செய்ய?

ஓய்வா இருக்கும்போது பார்த்துச் சொல்லு ஆத்தா. அவசரமே இல்ல. நாளைக்குள்ள சொன்னாப் போதும்.

உன் மாமன்,
சேவுகப்பெருமாள்

*

கோயம்புத்தூர்
9 ஜூன் 2025

அன்பு மாமாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். தண்ணி ஒத்துக்கிச்சு, ஹாஸ்டல் சாப்பாடுதான் ஒத்துக்கல. முட்டிக்குத் தைலம் தேய்க்கிறீங்களா, இல்ல தேய்ச்சதா எழுதுறதோட சரியா?

முகவரியை மாத்தினா நீங்க எழுதினது எல்லாம் பத்திரமா இருக்கும். ஆனா பழைய வழியில வர்றவங்களுக்கு வீடு காலி. புது வீடு எங்கேன்னு சொல்ல அங்கே ஒரு ஆளும் கிடையாது. விட்டுட்டு வந்த அந்தப் பேரை வேற யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்.

நீங்க எழுதாம விட்டதை நான் எழுதிடுறேன் மாமா. தட்டு வாங்கினவங்களைப் பத்தி உங்களுக்கு ஒரு கவலையும் இல்ல. அந்த வலைப்பூவை உங்களுக்கு ஆரம்பிச்சுக் குடுத்தவ துர்கா. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அவ தனக்குப் பிடிச்ச பையனைக் கட்டிக்கிட்டுப் போனப்போ, பையன் நம்ம ஆளு இல்லைன்னு பெரிய மாமா உங்களைக் குலசாமி முன்னாடி நிறுத்தி, எரியிற சூடத்தைக் கையால அணைச்சு சத்தியம் பண்ண வெச்சாங்க. மகளோட பேசமாட்டேன், போன் பண்ணமாட்டேன், கடுதாசி போடமாட்டேன்னு. அவளும் நம்பரை மாத்திட்டா. எந்த ஊர்ல இருக்கான்னு எனக்கும் தெரியாது. மாசத்துக்கு ஒண்ணு எழுதின நீங்க அதுக்கு அப்புறம்தான் தினமும் எழுத ஆரம்பிச்சீங்க. ஒவ்வொண்ணுக்கும் கீழே பேரில்லாத யாரோ ஒரே வார்த்தை போடுவாங்க, ‘அளக்காதீக’ன்னு. வீட்ல உங்களை அப்படிச் சொல்றது ஒருத்திதான்.

இந்த வாரம் நீங்க எழுதின எதுக்குக் கீழேயும் அந்த வார்த்தை இல்ல. நானும் பார்த்தேன்.

பழைய பேருக்கே திரும்பிடுங்க. ரெண்டு நிமிஷ வேலை. அத்தையை விசாரிச்சதாச் சொல்லுங்க.

பிரியா

*

கல்லல்
10 ஜூன் 2025

அன்பு மருமக பிரியாவுக்கு மாமன் எழுதிக்கிறது. முட்டியைத் தவிர நாங்க எல்லாரும் சுகம். ஹாஸ்டல்ல சோறு சரியில்லன்னா சொல்லு, ரெண்டு அண்டாவோட வந்து இறங்குறேன்.

உன் கடுதாசியில நடுப்பகுதியை நான் படிக்கல. அந்த நேரம் பார்த்துக் கண்ணாடி துடைக்கப் போயிட்டேன்.

நான் எழுதுறது ஊருக்கு. காத்துல சொல்றேன், காது இருக்கிறவக கேக்குறாக. அதுல எந்தச் சத்தியமும் கெடாது. சாமிகிட்டயே கேட்டேன், பல்லி சத்தம் போட்டுச்சு.

பழைய பேருக்குத் திரும்புறதுங்கிற பேச்சே வேணாம். அண்ணன் முன்னால கழட்டிப் போட்ட சட்டையை மறுநாளே எடுத்து மாட்டிக்கிட்டுப் போய் நிக்க என்னால ஆகாது. பத்தாவதுல கணக்குலதான் பெயிலானேன், ரோசத்துல இல்ல.

ஆனா ஒரு வாசகர் இருக்காகன்னு வெச்சுக்க. சும்மா பொதுவாச் சொல்றேன். அவுககிட்ட பழைய லிங்க்குதான் இருக்கு. வேற வழி தெரியாது. அவுகளுக்குச் சொல்லிவிடவும் ஆள் இல்ல. அவுக வந்து பார்த்துட்டு, வேணும்னே பூட்டிட்டாகன்னு நினைச்சுத் திரும்பிரக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு. கந்தரப்பம் சுடுற பதிவு கட்டாயம் தொறக்கணும், அவுகளுக்கு அந்தப் பலகாரம்னா உசுரு.

நான் பேரையும் மாத்தமாட்டேன், ஆளையும் விடமாட்டேன். ரெண்டுக்கும் சேர்த்து ஒரு வழி சொல்லு. நீ வாங்குற சம்பளம் அதுக்குத்தானே.

மாமன்

*

கோயம்புத்தூர்
11 ஜூன் 2025

அன்பு மாமாவுக்கு,

நலம். அண்டாவோட வந்துடாதீங்க, வார்டன் பயந்துடுவாங்க.

வழி இருக்கு. விட்டுட்டு வந்த பழைய பேர்லயே ஒரு வெறும் வலைப்பூவைத் திறங்க. அதுல ஒரு எழுத்தும் எழுதக் கூடாது. கூட அனுப்பியிருக்கிற நாலு வரியை அதுக்குள்ள ஒட்டுங்க. யாராவது பழைய முகவரிக்கு வந்தா, எந்தப் பதிவைத் தேடி வந்தாங்களோ அதே பதிவுக்குப் புது முகவரியில கொண்டுபோய் விட்டுடும். கந்தரப்பம் தேடி வந்தவங்க கந்தரப்பத்துலயே நிப்பாங்க.

எல்லாத்தையும் திருப்பிவிட்டாலும் சிலது தவறும். தலைப்பு பிடிக்கலைன்னு நீங்க அழிச்சுட்டு மறுபடி போட்ட பதிவுகளுக்குப் பழைய லிங்க் எங்கேயும் போகாது. அப்படி ஏமாந்து நிக்கிறவங்களுக்குன்னு ஒரு பக்கம் இருக்கு. இப்போ அதுல ‘நீங்கள் தேடிய பக்கம் இல்லை’ன்னு மொட்டையா இருக்கும். அதை அழிச்சுட்டு நீங்க நாலு வார்த்தை எழுதலாம். யார் எந்த முகவரியைத் தட்டி ஏமாந்தாங்கன்னு எனக்கு மட்டும் தெரியிற மாதிரி நான் ஏற்பாடு பண்ணிடுறேன். ஒவ்வொண்ணாச் சரி பண்ணலாம்.

சீக்கிரம் செய்ங்க மாமா. அந்தப் பேரை வேற யாராவது எடுத்துட்டா ஒண்ணும் பண்ண முடியாது.

பிரியா

*

கல்லல்
29 ஜூன் 2025

அன்பு மருமகளுக்கு மாமன் எழுதிக்கிறது. உடம்புக்கு ஒண்ணும் இல்ல. பதில் போடாததுக்குக் காரணம் வேலை, அதுவும் உன் வேலை.

பேரை அன்னைக்கே பிடிச்சுட்டேன். எனக்குப் போட்டியா அந்தப் பேரை எடுக்க வெளிநாட்டுல ரெண்டு கம்பெனி முண்டிக்கிட்டு நின்னுச்சு, விடுவேனா. ஆனா நாலு வரியை ஒட்டுனேன் பாரு, பழைய வலைப்பூவுலயும் ஒட்டிட்டேன், புதுசுலயும் ஒட்டிட்டேன். பழசுக்கு வந்தவனைப் புதுசுக்குப் போன்னுது. புதுசுக்கு வந்தா புதுசுக்கே போன்னுது. கொத்தமங்கலத்துக் கல்யாண வீட்டு ஆளு ஒருத்தர், மண்டிக் குழம்புக்கு எத்தனை படி கழனித் தண்ணின்னு பார்க்க வந்தவரு, திரை சுத்துன சுத்துல தலை சுத்திப் போச்சுன்னு போன் பண்ணிட்டாரு. அது தெரிஞ்சே செஞ்சதுதான், சோதனைக்காக. இப்ப புதுசுல இருந்து எடுத்துட்டேன். ஓடுது.

மொட்டைப் பக்கத்தையும் எழுதிட்டேன். நீ பார்த்திருப்ப, இருந்தாலும் என் கையால ஒருக்கா:

‘தப்பா வந்தவக கவனத்துக்கு. தேடி வந்தது இங்குட்டு இல்ல. அதுக்காகத் திரும்பிப் போயிராதீக. ஆளு அதே ஆளு, அடுப்பு அதே அடுப்பு. பேரு மட்டும்தான் மாறியிருக்கு. வேணும்னே யாரும் கதவைப் பூட்டல. என்ன தேடி வந்தீகன்னு தெரிஞ்சா செஞ்சு வெச்சிருவோம். முட்டி வலி பரவாயில்ல. வீட்ல அம்மா சௌக்கியம்.’

எப்படி? யுனிவர்சிட்டியில பாடமா வைக்கலாம்னு உன் அத்தை சொன்னா. நல்லாச் சாப்பிடு.

மாமன்

*

கோயம்புத்தூர்
2 ஜூலை 2025

அன்பு மாமாவுக்கு,

இங்கே நலம். மழை விடாம பெய்யுது, துணிதான் காயல.

கந்தரப்பம் திறக்குது. பெரும்பாலும் எல்லாமே திறக்குது. தவறிப் போனதை நான் ஒவ்வொண்ணாத் திருப்பிவிடுறேன்.

ஏமாந்து வர்ற பக்கத்துல முட்டி வலியையும் அம்மா சௌக்கியத்தையும் எழுதின ஆள் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான். ‘வீட்ல அம்மா’ன்னா யாரோட அம்மான்னு பெரிய மாமா கேட்டா என்ன சொல்லுவீங்க?

‘அளக்காதீக’ இன்னும் வரல மாமா. கதவு பூட்டியிருந்த நாள்ல வந்துட்டுப் போயிருப்பாளோன்னு பயமா இருக்கு. மறுபடி வருவாளான்னு தெரியல. தினமும் பார்க்கிறேன்.

பிரியா

*

கல்லல்
27 ஜூலை 2025

அன்பு மருமகளுக்கு மாமன் எழுதிக்கிறது. நானும் அத்தையும் சுகம். துணி காஞ்சுதா?

நீ கேட்டதை மலையாண்டி அண்ணனும் கேட்டாச்சு. எல்லா வீட்லயும்தான் அம்மா இருக்காகன்னு சொல்லிட்டேன்.

முந்தாநாள் ஆடி வெள்ளி, குலசாமி கோயில்ல படையல். பங்காளி ஒருத்தன் போன்ல பழைய முகவரியைத் தட்டிப் பார்த்திருக்கான். நேரா வந்து சேவுகன் பந்தியில விழுந்திருக்கான். போனைத் தூக்கிக்கிட்டு அண்ணன்கிட்ட ஓடிட்டான். சாமி கும்பிட்டு முடிக்கலை, என்னை நடுவுல நிறுத்திட்டாக.

"பேரை எடுக்கச் சொன்னா, அதை வாசல்ல காவலுக்கு நிறுத்தியிருக்கியாடா?"ன்னாக அண்ணன்.

"அது காவல் இல்லண்ணே, கைகாட்டி. வழி தெரியாம வர்றவகளுக்கு."

"வழி தெரியாம வர்றது யாருடா?"

சுத்திப் பார்த்தேன். படையல் பொங்கலை ஏந்தி நிக்கிறாக, அத்தனை பேரு கையிலயும் என் காதுகுத்துத் தட்டு. "உங்க கையில இருக்கிற தட்டைப் பார்த்துட்டு வர்றவக. அதுல பழைய முகவரிதானே இருக்கு? மொதல்ல அதைச் சுரண்டிட்டு வாங்க, அப்புறம் நான் கைகாட்டியைப் புடுங்குறேன்"னேன். ஒருத்தரு தட்டைத் திருப்பிப் பார்க்கப் போயி பொங்கல் வேட்டியில விழுந்துருச்சு.

அண்ணனுக்குக் கோபம் தலைக்கேறிருச்சு. கைகாட்டியைப் புடுங்குற வரைக்கும் கோயில் பந்தியில எனக்கு இலை கிடையாதுன்னுட்டாக.

"இலை உங்களுதுண்ணே. அண்டா என்னுது"ன்னேன்.

அப்புறம் நடந்ததைக் கேளு. கொதிக்கிற சோத்தோட அண்டாவை ஒத்தைக் கையால தூக்கி வண்டியில ஏத்திட்டேன். நாப்பது பேரு மறிச்சாக. வண்டி டிரைவருக்கு மயக்கமே வந்துருச்சு. பந்தியே நின்னு போச்சு.

கைகாட்டி நின்ன இடத்துலயே நிக்குது. அதை எவனும் புடுங்க முடியாது. வேற ஏதாச்சும் வந்துச்சா? நான் கேக்கல, அத்தை கேக்கச் சொன்னா.

மாமன்

*

கோயம்புத்தூர்
4 ஆகஸ்ட் 2025

அன்பு மாமாவுக்கு,

நான் நலம். நீங்க சுகமான்னு அத்தைகிட்ட போன்ல கேட்டுட்டேன். அண்டாவை நீங்க தூக்கலையாம். எல்லாரும் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் வேலிக்கு வெளியே வண்டியில உக்காந்திருந்து, அண்டா காலியானதும் கழுவி வாங்கிட்டு, சாப்பிடாம வீட்டுக்கு வந்தீங்களாம். அதை நீங்க வலைப்பூவுல எழுதமாட்டீங்க, தெரியும்.

இப்போ நான் சொல்றதை உக்காந்து படிங்க.

தவறிப் போன லிங்க்குகளைப் பார்த்துக்கிட்டிருந்தேன். நேத்து ஒருத்தர் பழைய முகவரிக்கு வந்து, திருப்பிவிடப்பட்டு, கந்தரப்பம் படிச்சிருக்காங்க. அதுக்கு அப்புறம் முகவரிக்குப் பின்னாடி ஒரு கோடு போட்டு, கையாலேயே ஒரு வார்த்தையைத் தட்டியிருக்காங்க. அப்படி ஒரு பக்கம் எந்தக் காலத்துலயும் கிடையாது. அதனால நீங்க எழுதின ‘தப்பா வந்தவக கவனத்துக்கு’ பக்கத்துல போய் நின்னுருக்காங்க.

அந்த வார்த்தை: அளக்காதீக.

இன்னைக்குக் காலையில இன்னொண்ணு: முட்டிக்கு-டாக்டரைப்-பார்த்தீகளா.

பதிவுக்குக் கீழே எழுதினா பங்காளிங்க எல்லாரும் படிப்பாங்க. இப்படித் தட்டினா நம்ம கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். வலைப்பூவை ஆரம்பிச்சவளே அவதானே, அது அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. எந்த ஊர்ல இருந்து தட்டினாங்கன்னும் காட்டுது. சொல்லட்டுமா?

பிரியா

*

கல்லல்
4 ஆகஸ்ட் 2025

அன்பு மருமகளுக்கு மாமன் எழுதிக்கிறது. எல்லாரும் சுகம், ரொம்ப சுகம்.

ஊரைச் சொல்லாத. எனக்குத் தெரிஞ்சா நான் சும்மா இருக்கமாட்டேன், எங்கேயாவது பெருமை பேசிருவேன். அண்ணன் காதுக்குப் போயிரும்.

அதை யாரு தட்டினாகன்னும் எனக்குத் தெரியாது. யாரோ ஒரு வாசகர். ஆனா நீ என்ன சொன்ன? உடைஞ்ச லிங்க்கை ஒவ்வொண்ணாச் சரி பண்ணணும்னு சொன்னியா இல்லையா? ஒருத்தர் ஒரு முகவரியைத் தேடி வந்து ஏமாந்தா, அங்கே ஒரு பக்கம் இருக்கணும். அது நம்ம தொழில் தர்மம். அதனால ‘முட்டி வலிக்கு நான் பார்த்த வைத்தியம்’னு ஒரு பதிவு போட்டுட்டேன். காரைக்குடி டாக்டர் என் எக்ஸ்ரேயைப் பார்த்துட்டு இருபது வயசுப் பையன் முட்டின்னு சொன்னதை எழுதியிருக்கேன். அவுக தட்டின முகவரியை அந்தப் பதிவுக்குத் திருப்பிவிட்டுரு.

இனிமே எது உடைஞ்சு வந்தாலும் உடனே சொல்லு. ராத்திரி பகல்னு பார்க்காத. அத்தை போனுக்குப் பக்கத்துலயே பாயைப் போட்டுட்டா.

மாமன்

*

கோயம்புத்தூர்
14 செப்டம்பர் 2025

அன்பு மாமாவுக்கு,

நலம், அத்தையும் நலம்னு நினைக்கிறேன்.

இந்த ஒன்றரை மாசத்துல நாம சரி பண்ணின லிங்க்குகளை எண்ணவே முடியாது. அம்மா-ரத்த-அழுத்தம்-எப்படி. பதிவு போட்டீங்க. சீம்பால்-காய்ச்சுறது-எப்படி. போட்டீங்க. என்-சைக்கிள்-இருக்கா. அதுக்கு ‘துருப்பிடிக்காமல் சைக்கிளைக் காப்பது’ன்னு மூணு பக்கம் எழுதினீங்க. சீரகத் தண்ணி கேட்டு வந்தப்போதான் எனக்கு லேசா சந்தேகம் வந்துச்சு, சொல்லல.

இன்னைக்கு விடியும்போது வந்த முகவரியை அப்படியே எழுதுறேன்:

நாங்க-மூணு-பேரும்-வரலாமா

இதை எந்தப் பதிவுக்குத் திருப்பிவிடணும்னு நீங்கதான் சொல்லணும்.

பிரியா

*

கல்லல்
14 செப்டம்பர் 2025

ஆத்தா பிரியா,

நலம் விசாரிக்க இப்ப நேரமில்ல. நீ நல்லாத்தான் இருப்ப.

உன் அத்தை அந்த ‘மூணு’ மேல வெச்ச விரலை எடுக்கல. போனே சூடாயிருச்சு.

பதிவு போட்டாச்சு. தலைப்பு ‘சேவுகன் பந்திக்கு வரும் வழி’. உள்ள எழுதினதை உனக்கும் சொல்றேன். கல்லல் ஸ்டேஷன்ல பகல்ல வந்து இறங்குங்க. ஆட்டோவை மூடிக்கிட்டு வரவேணாம். பின்பக்கத்துக் கொல்லை வழி வேணவே வேணாம். மலையாண்டி வீட்டு வாசல் வழியா நிமிந்து நடந்து வாங்க. எங்க வீட்டுல இருந்து அந்த வாசல் வரைக்கும் ரெண்டு பக்கமும் அண்டாவை வரிசையா நிறுத்தி வெச்சிருப்பேன், கடையில இருக்கிற அத்தனையையும். எவனாவது கேட்டா, வெயில்ல காயப் போட்டிருக்கேன்னு சொல்லிக்கிறேன். நடுவுல நான் நிப்பேன்.

அந்த முகவரியை இந்தப் பதிவுக்குத் திருப்பிவிடு. இப்பவே.

சத்தியம் என்னாச்சுன்னு நாளைக்கு அண்ணன் கேப்பாக. கேக்கட்டும். பேசமாட்டேன்னேன், பேசல. போன் பண்ணமாட்டேன்னேன், பண்ணல. கடுதாசி போடமாட்டேன்னேன், எல்லாக் கடுதாசியும் உனக்குத்தான் போட்டேன். சோறு போடமாட்டேன்னு நான் சூடம் அணைக்கல. அந்த மூணாவது ஆளு பேரு சத்தியத்துலயே இல்ல. அன்னைக்கு அந்த ஆளு பொறக்கவே இல்லையே.

அந்த ஆளை மடியில போட்டுக்கிட்டு நான் பாட்டுக்குப் பேசுவேன். அண்டாவை ஒத்தைக் கையால தூக்கினது, நாப்பது பேரு மறிச்சது, ஐஸ்லாந்து, எல்லாம் சொல்லுவேன். பக்கத்துல நிக்கிறவக காதுல விழுந்தா அதுக்கு நான் பொறுப்பில்ல. கேட்டுட்டு யாராச்சும் ‘அளக்காதீக’ன்னு சொன்னா, அதுக்கும் பதில் சொல்லமாட்டேன்.

சொல்லிக்கிட்டே இருக்கட்டும்.

மாமன்